அட்டையில் ஒரே ஒரு வரி

போன வாரக் கதையில் மரிவிக்கை அவளுடைய சித்தப்பா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அவள் உள்ளே போனாள், காபி குடித்தாள், கேட்க வேண்டியதைக் கேட்டாள். திரும்பி வெளியே வந்தபோது அவள் முகம் முகமாக இல்லை. பல் டாக்டர்; அடுத்தவர் வாய்க்குள் என்ன இருந்தாலும் முகம் மாறாமல் பார்க்கப் பழகியவள். அன்று அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை.

கேட்கப் போனது அப்பாவின் பழைய டேப்பை. அப்பா டெல்ஃபின் ஒலிவெரோஸ். மனிலாவில் ஜாஸ் கேட்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். கிதார் வாசிப்பார், சொந்தமாக இசையமைப்பார். ஹாங்காங் ஹோட்டல்களிலும் ஜப்பானுக்குப் போன கப்பல்களிலும் வாசித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஆறு ரெக்கார்டுகள் போட்டிருக்கிறார். ஐந்தை யாரும் தேடுவதில்லை. முதல் ரெக்கார்டில் இருக்கும் 'தொண்டோ வெயில்' ஒன்றுதான் அவருக்குச் சோறும் போட்டது, பேரும் வாங்கிக் கொடுத்தது.

அந்தப் பாட்டில் நடுவே ஓர் இடம் வரும். நாலு நாலு தட்டாக ஓடிக்கொண்டிருக்கும் தாளம் ஒரே ஒரு முறை மூன்று தட்டோடு நின்று, அடுத்த அடிக்குத் தாவிவிடும். கேட்கிறவனுக்கு மாடிப்படியில் ஒரு படி இல்லாமல் போனது போலிருக்கும். கிதார் படிக்கிற பிள்ளைகள் அந்த இடத்துக்காக விரல் வலிக்கப் பழகுகிறார்கள். 'தவறிய தட்டு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த ரெக்கார்டு சிடியாக வரப்போகிறது. ஒலி சுத்தமாக இருக்க வேண்டுமானால் அசல் டேப் வேண்டும். அசல் டேப் டெல்ஃபினின் தம்பி மோமெங்கின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் என்ஜினியர் அவர்தான். இப்போது குபாவோ சந்தைக்குப் பின்னால் கரோகே மெஷின் ரிப்பேர் செய்கிறார்.

தருகிறேன் என்றார் மோமெங். பணம் ஒரு காசு வேண்டாம் என்றார். அட்டையின் பின்பக்கம் ஒரே ஒரு வரி வேண்டும்: 'டேப்பை வெட்டி ஒட்டியவர், ஹெர்மோஹெனெஸ் ஒலிவெரோஸ்.' அதுதான் அவருடைய முழுப்பெயர்.

ஒரு வரிதானே என்று மரிவிக் சிரித்தாள். ஏன் அந்த வரி என்று சித்தப்பா சொன்ன பிறகு சிரிப்பு நின்றது.

இதெல்லாம் போன வாரம். இன்று அந்த சிடியை ஊருக்கு அறிவிக்கிற விழா நாள்.

காலைச் சாப்பாட்டு மேஜையில் பூண்டுச் சோறும் கருவாடும் இருந்தன. டெல்ஃபின் சட்டையில்லாமல் உட்கார்ந்து கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியும் விரல்கள் மட்டும் இளசாகவே இருந்தன.

"என்னதான் கேக்கறான் அவன்?"

மரிவிக் சொன்னாள்.

"டேப்ப ஒட்டினவன் பேரெல்லாமா அட்டையில போடுவாங்க? அப்ப அன்னைக்கு ஸ்டூடியோவ பெருக்கினவன் பேரையும் போடச் சொல்லு."

"அப்பா, அந்தத் தவறிய தட்டு நீங்க யோசிச்சதா, சித்தப்பா வெட்டினதா?"

டெல்ஃபின் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொரு முள்ளைத் தேடினார். அந்தத் துண்டில் வேறு முள் இல்லை.

நடந்தது இதுதான். பதிவு நடந்த அன்று மாலை டெல்ஃபினுக்கு ஹாங்காங் கப்பல். 'தொண்டோ வெயில்' இரண்டு முறை வாசித்தார். முதல் முறை ஆரம்பம் அற்புதமாக வந்தது, பாதியில் சுண்டுவிரல் பிடித்துக்கொண்டது. இரண்டாவது முறை ஆரம்பம் சொதப்பல், முடிவு அற்புதம். மூன்றாவது முறை வாசிக்க நேரமில்லை. "எதையாவது பண்ணுடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினார். தம்பி பிளேடை எடுத்து ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் வெட்டி ஒட்டினார். ஒட்டிய இடத்தில் ஒரு தட்டு போய்விட்டது.

ரெக்கார்டு ஹாங்காங்குக்கு வந்தபோது டெல்ஃபினே அதிர்ந்துதான் போனார். ஆனால் அங்கே கூட வாசித்த டிரம்ஸ்காரன் ஓடிவந்து, "யோவ், எங்கேய்யா பிடிச்ச அந்தத் தட்ட?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். டெல்ஃபின் சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் முதல் பொய். அப்புறம் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, தன் வாசிப்பையே ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

சில வருடம் கழித்து ஒரு ரேடியோ பேட்டியில் கேட்டார்கள். அதற்குள் சும்மா சிரித்தால் போதாது என்கிற உயரத்துக்கு வந்துவிட்டிருந்தார். அம்மா இறந்த செய்தி வந்தபோது என் இதயம் ஒரு துடிப்பு நின்றது, அதைத்தான் வாசித்தேன் என்றார். பேட்டி கண்ட பெண் அழுதாள். நாடும் கொஞ்சம் அழுதது.

"அந்தப் பேட்டி வந்த அன்னைக்கு உங்க அம்மா நம்ம வீட்டு ஹால்லதான் உக்காந்து மாஜோங் ஆடிட்டிருந்தாங்க." அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள் ரெமி, டெல்ஃபினின் மனைவி. "ரேடியோவும் ஓடிட்டிருந்தது."

"பாட்டி என்னம்மா சொன்னாங்க?" மரிவிக்குக்கு இது புதுச் செய்தி.

"'இந்த ஆட்டம் முடியட்டும், அப்புறமா சாகறேன்'னாங்க."

மரிவிக் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. டெல்ஃபினுக்குக் காது சிவந்தது.

"அது ஒரு விபத்துடி! அவன் கை தவறினதுல ஒரு தட்டு போச்சு. கீழ கிடந்தத நான் எடுத்துக்கிட்டேன். யார் வீட்டுப் பொருளையும் நான் திருடல."

"அப்ப ஒரு வரி போடறதுல என்னப்பா?"

"அந்த வரிய எவனாவது படிச்சுட்டுப் போயி, எங்க வெட்டினீங்கன்னு உங்க சித்தப்பாகிட்ட கேப்பான். அவன் காட்டுவான். இத்தனை வயசுல, பொய்யன்னு பேர் வாங்கிட்டு நான் சாகணுமா?"

"வரி இல்லன்னா டேப் இல்லப்பா. டேப் இல்லன்னா சிடி இல்ல."

டெல்ஃபின் எழுந்து கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "டேப்போட அவன விழாவுக்கு வரச்சொல்லு. நானே பேசிக்கறேன்" என்றார்.

மோமெங் தன் வீட்டு வாசலில் தயாராக நின்றார். கழுத்துவரை பொத்தான் போட்ட பாரோங் சட்டை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் டேப் இருந்த தகரப் பெட்டி. கரோகே மெஷின் ஒன்று உள்ளே யாருமில்லாத அறையில் தானாகப் பாடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து காரின் பின் சீட்டில் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் முன் சீட்டில். இருவருக்கும் பேச்சு நின்றது ரேடியோ பேட்டி வந்த அன்று. கல்யாணம், சாவு என்றால் ஒரு தலையாட்டல் உண்டு, அவ்வளவுதான்.

எட்சா சாலையில் வண்டிகள் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தன.

"மரிவிக், உங்க அப்பாவுக்கு ஏசி ஒத்துக்காதே. குறைச்சு வை."

"அவன வேணும்னா கண்ணாடிய இறக்கிக்கச் சொல்லு மரிவிக்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சீட்டு முதுகுதான் இருக்கு" என்றாள் மரிவிக். "நேராவே சண்டை போடுங்க. எனக்கு வண்டி ஓட்டணும்."

வேகவைத்த கடலை விற்கிறவன் கண்ணாடியைத் தட்டினான். டெல்ஃபின் இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்றைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். மோமெங் வாங்கிக்கொண்டார். இருவரும் தோலை உரிக்க ஆரம்பித்தார்கள்.

"அம்மாவயே கொன்னுட்டியே அண்ணா" என்றார் மோமெங்.

"அப்ப வேற எதுவும் வாயில வரல."

"அதான, உனக்கா வார்த்தை வராது?"

"சரிடா, தப்புதான். ஆனா அந்தத் தட்டு? பிளேடு வழுக்கிச்சு, ஒரு துண்டு குப்பையில போச்சு. அதுக்குப் போயி பேர் கேக்கற. உனக்கே சிரிப்பா இல்ல?"

பின் சீட்டில் தோல் உரிக்கிற சத்தம் நின்றது.

"பிளேடு வழுக்கிச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

டெல்ஃபின் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு தட்டும் சரியா இருக்கிற மாதிரிதான் மொதல்ல ஒட்டினேன்" என்றார் மோமெங். "கணக்கு சரி. ஆனா கேட்டா ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி இருந்துது. பிரிச்சேன். வேற இடத்துல ஒட்டினேன். அப்பவும் ரெண்டு ஆள். விடியற வரைக்கும் ஒட்டறதும் பிரிக்கறதுமா இருந்தேன். கடைசியில அந்த ஒரு தட்ட எடுத்துட்டுக் கேட்டேன். ஒரே ஆள் மூச்சப் பிடிச்சுத் தாவற மாதிரி இருந்துது. சரி, இதுதான்னு வச்சேன். கை தவறல அண்ணா. யோசிச்சுத்தான் வெட்டினேன்."

பின்னால் ஒரு ஜீப்னி வேன் விடாமல் ஹாரன் அடித்தது. மரிவிக் வண்டியை ஓர் அடி நகர்த்தினாள்.

"இத ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

யாருக்கும் சொந்தமில்லாத பொருளை எடுத்துக்கொண்டதாக டெல்ஃபின் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். அந்தச் சமாதானத்தில்தான் இத்தனை வருடம் தூங்கினார். அது ஒரு கடலைப் பொட்டலம் காலியாவதற்குள் போய்விட்டது. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தனக்குத் தெரிந்த இசையிலேயே மிக நல்ல ஒரு முடிவை எடுத்தது தான் இல்லை என்பது வலித்தது.

ஹோட்டல் வாசல் வந்ததும் சொன்னார்: "அட்டை கிடக்கட்டும். மேடையிலயே சொல்லிடறேன்."

மோமெங் தலையாட்டினார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் நீள மேஜையில் பான்சித் நூடுல்ஸும் இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். டிவிக்காரர்கள் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சிடி போடுகிற நிறுவனத்தின் முதலாளி ஜோயல் என்கிற இளைஞன், தானே மைக்கைப் பிடித்துக்கொண்டு விழாவை நடத்தினான். முன்பே வந்திருந்த ரெமி முதல் வரிசையில், மோமெங் இரண்டாவது வரிசையில் மரிவிக்கின் பக்கத்தில்.

முதல் கேள்வியே அதுதான். கண்ணாடி போட்ட ஒரு பத்திரிகைக்காரப் பெண் எழுந்து கேட்டாள்: "மேஸ்ட்ரோ, அந்தத் தவறிய தட்டு எப்படிப் பிறந்துதுன்னு இன்னொரு தடவ உங்க வாயால கேக்கணும்."

டெல்ஃபின் மைக்கை வாங்கினார்.

"அது நான் பண்ணினது இல்லம்மா. என் தம்பி பண்ணினது. அதோ உக்காந்திருக்கானே, அவன். நான் ரெண்டு தடவ வாசிச்சேன், ரெண்டும் பாதி பாதிதான் தேறிச்சு. அவன்தான் டேப்ப வெட்டி ஒட்டினான். அந்தத் தட்ட எடுத்தது அவன்தான்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"பாத்தீங்களா!" ஜோயலின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இதுதான் நம்ம மேஸ்ட்ரோ. வாழ்க்கையில சம்பாதிச்ச பெருமையத் தூக்கித் தம்பி கையில குடுக்கறார்!"

"குடுக்கல. நிஜத்தச் சொல்றேன்" என்றார் டெல்ஃபின்.

கைதட்டல் கூடியது. ஒரு குட்டித்தாடி விமர்சகர் பக்கத்திலிருந்தவரிடம், "வெட்டினது தம்பின்னு சொல்றார், கவனிச்சீங்களா? குடும்பத்த விட்டுப் பிரிஞ்ச வலியச் சொல்றார்" என்று விளக்கம் கொடுத்தார்.

"யோவ், பிளேடால வெட்டினான்யா!" டெல்ஃபின் குரலை உயர்த்தினார். கூடம் அன்போடு சிரித்தது.

மோமெங்கை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். மேஸ்ட்ரோவின் தம்பிக்கும் கொஞ்சம் தட்டினார்கள். போட்டோ எடுக்கிறவன் ஓடிவந்து, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்துக்கங்க, மேஸ்ட்ரோவ மறைக்கறீங்க" என்றான். மோமெங் நகர்ந்துகொண்டார்.

ஜோயல் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சார், உங்க பேர் அட்டையில கண்டிப்பா வரும். எப்படிப் போடறதுன்னுகூட இப்பவே தோணிடுச்சு. 'என் அன்புத் தம்பி ஹெர்மோஹெனெஸுக்கு' அப்படீன்னு மொதப் பக்கத்துலயே."

மோமெங் அவனுக்கு நன்றி சொன்னார். பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போனார். மேடையில் கிதார் மாணவர்கள் சிலர் 'தொண்டோ வெயில்' வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

மரிவிக் பின்னாலேயே ஓடினாள். நடைபாதையில் அவர் சுவரோரம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டெல்ஃபினும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"நான் சொன்னேன்டா! நீயே பாத்தியே, சொன்னேன்."

"சொன்ன அண்ணா. உன்ன ஒண்ணும் சொல்லல. நீ பொய் சொல்லிட்டிருந்தப்ப, அந்தத் தட்டு என்னோடதுன்னு எனக்காவது தெரிஞ்சிருந்துது. இப்ப அதையும் நீ எனக்கு தானமாக் குடுத்த மாதிரி ஆயிருச்சு."

"மறுபடி போயி சொல்றேன்."

"எத்தனை தடவ சொன்னாலும் உன் வாயால சொன்னா உனக்குத்தான் கை தட்டுவாங்க. நானே சொன்னா, பொறாமை பிடிச்ச தம்பிம்பாங்க."

"டேப்ப போட்டுக் காட்டலாமே சித்தப்பா?" என்றாள் மரிவிக். "வெட்டு இருக்குமில்ல?"

"வெட்டு இருக்கும். அண்ணன் சொல்லிக்குடுத்து நான் வெட்டினேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. யோசிச்சது யாருன்னு டேப்புல எங்க இருக்கு?"

கூடத்தில் மாணவர்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்று தட்டில் சரியாகத் தாவினார்கள். வெளியே நின்ற மூன்று பேருமே அதைக் கேட்டார்கள்.

கதவைத் திறந்துகொண்டு அந்தக் கண்ணாடி போட்ட பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். கையில் குறிப்பேடு, முகமெல்லாம் நெகிழ்ச்சி. நேரே மரிவிக்கிடம் வந்தாள்.

"நீங்கதானே மேஸ்ட்ரோவோட பொண்ணு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ்வளவு பணிவான ஒரு மனுஷனுக்குப் பொண்ணாப் பொறந்தது எப்படி இருக்கு?"

மரிவிக் அப்பாவைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைப்பார் என்று காத்திருந்தாள். அவர் அசைக்கவில்லை.

"எங்கப்பாவுக்குப் பணிவெல்லாம் கிடையாதுங்க" என்றாள். "எழுதிக்கங்க. அந்தத் தட்ட தானே யோசிச்சதா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தார். அவரோட அம்மா உயிரோட இருந்தப்பவே, செத்துட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னார். அத்தனையும் பொய்."

பேனா நின்றது. அந்தப் பெண் டெல்ஃபினைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. அப்புறம்தான் அவள் கண் சுவரோரம் பெட்டியோடு நின்றவர் மேல் போனது. அன்று மாலை மேஸ்ட்ரோவை மறைக்கிறவராக அவரைப் பார்க்காமல், அங்கே நிற்கிற ஓர் ஆளாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"சார், நீங்க? முழுப்பேர் சொல்லுங்க."

மோமெங் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஹெர்மோஹெனெஸ் ஒலிவெரோஸ்" என்றார் டெல்ஃபின். 'என் தம்பி' என்று சேர்க்கவில்லை.

அவள் எழுதிக்கொண்டாள்.

கதவு மறுபடி திறந்தது. ஜோயல் நின்றான். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தான் என்று தெரியவில்லை, ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேஸ்ட்ரோ, உங்க பொண்ணு தமாஷ் பண்றாங்கதானே? டிவிக்காரங்க காதுல விழுந்துருச்சு, மைக்க வச்சுட்டு உக்காந்திருக்காங்க. உள்ள வந்து, தமாஷுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லன்னா இந்த சிடிய நான் யாருக்கு விக்கறது?"

டெல்ஃபின் தம்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"வரேன்" என்று சொல்லிவிட்டு ஜோயலுக்கு முன்னால் உள்ளே நடந்தார்.

என்ன சொல்லப் போகிறார் என்று மரிவிக்குக்குத் தெரியவில்லை. மைக்கைப் பார்த்தால் அப்பாவுக்கு எப்போதும் ஓர் அழகான வாக்கியம் வந்துவிடும். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.